நெக்ஸ்ட் அக்காவின் பாடம்

எங்கள் அண்ணியை ரயில் பணிமனையில் எல்லோரும் 'நெக்ஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அக்கா என்பதுகூடப் போகட்டும், அந்த 'நெக்ஸ்ட்'தான் அண்ணிக்கு ஆகாது. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பாடம் செய்தால், ஜனங்களுக்கு அதில் ஞாபகம் நின்றது திரையின் மூலையில் இருக்கிற 'நெக்ஸ்ட்' பொத்தான் மட்டும்தானா என்று என்னிடம் வந்து புலம்புவார். நான் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. வேறு நல்ல நாத்தனாராக வாய்த்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

பாடம் என்றால் பள்ளிக்கூடப் பாடம் இல்லை. எங்கள் நகரத்து ரயில்கள் ஓடி முடித்துவிட்டு வந்து நிற்கிற, கழுவித் துடைத்துப் பழுது பார்க்கப்படுகிற இடம் அந்தப் பணிமனை. அதற்குள் யார் காலடி வைப்பதானாலும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரோ, பெட்டி துடைக்க வருகிற ஒப்பந்தத் தொழிலாளியோ, சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிற பெரிய மனிதரோ, முதலில் கணினியிலோ கைபேசியிலோ அண்ணி செய்த பாதுகாப்புப் பாடத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். கடைசியில் கேள்விகள் வரும். தேறினால்தான் வாசலில் அனுமதி அட்டை கொடுப்பார்கள்.

இதற்கெல்லாம் அண்ணி படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் அவசரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. பிறகு டிக்கெட் கொடுக்க இயந்திரம் வந்தது. கவுன்ட்டரை மூடிவிட்டு அண்ணியைப் பயிற்சிப் பிரிவில் ஒரு மேசைக்கு மாற்றினார்கள். மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, வேலை மட்டும் இல்லை. போகிறபோதும் வருகிறபோதும் எல்லோரும் ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்தால் அண்ணி யாரோடும் பேசமாட்டார். வேலை செய்து களைத்து வருகிறவரைவிட வேலை இல்லாமல் களைத்து வருகிறவரோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாட்களில் பாதுகாப்புப் பாடம் என்பது ஓர் அறையில் நடந்தது. யாராவது ஓர் அதிகாரி விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பார். எதிரே இருப்பவர்கள் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். இதை இணையத்துக்கு மாற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும், யார் செய்வது என்று சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறவர் தலையில் கட்டுவதுதானே எங்கும் வழக்கம். கட்டினார்கள்.

அண்ணி அதைப் பிடித்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க அவருடைய மடிக்கணினியும் வயர்களும்தான். அண்ணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினான். அவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். வாயைத் திறந்தால் குளிர் வெளியே போய்விடும் என்று நினைக்கிறவன்போல அதிகம் பேசமாட்டான். படம் வெட்டுவது, எழுத்துப் போடுவது, கேள்வி அமைப்பது எல்லாவற்றையும் அண்ணி இணையத்தில் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார்.

பாடத்தில் வருகிற குரல் என்னுடையது. கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள் நான். "அடுத்த டோக்கன் உள்ளே வரலாம்" என்று சொல்லிச் சொல்லியே குரல் பதமாகியிருந்தது. வெளிச்சத்தம் விழக்கூடாது என்று அண்ணி என்னைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்து, தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்தி, கையில் ஒரு டார்ச்சையும் கொடுத்துவிடுவார். அண்ணனின் பேன்ட்டுகளுக்கு நடுவே வியர்த்து வழிந்துகொண்டு, "உங்கள் பாதுகாப்பே எங்கள் அக்கறை" என்று நான் வாசித்தேன். எங்கள் அக்கறை லட்சணத்தை யாராவது அலமாரியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

அண்ணிக்கு ஒரு பித்து இருந்தது. படத்தில் இருக்கிறவர் முகம் எழுத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எங்கோ ஒரு வகுப்பில் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்களாம். படத்தில் உள்ள ஆள் எழுத்துக்கு முதுகைக் காட்டி நின்றால், பார்க்கிறவர் கண்ணும் அவர் பார்க்கிற திசையிலேயே பக்கத்தைவிட்டு வெளியே போய்விடுமாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். கூடத்தில் மாட்டியிருந்த அவர்களுடைய கல்யாணப் படத்தில் அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், வீட்டைப் பார்க்கவில்லை என்று எதிர்ச் சுவருக்கு மாற்றினார். நான் அவரைக் கேலி செய்ததற்கு அளவே இல்லை.

இனி அந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பணிமனையில் இருக்கிற ஆபத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ரயிலுக்கு மின்சாரம் தலைக்கு மேல் கம்பியில் வருவதில்லை. சக்கரம் உருள்கிற இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக மூன்றாவதாக ஒன்று போகிறது. மின்சாரம் ஓடுவது அதில்தான். பணிமனையில் அதை 'மூணாவது' என்று மட்டும் சொல்வார்கள், வீட்டில் அடங்காத மூன்றாவது பிள்ளையைச் சொல்வதுபோல. அதன் மேல் கால் பட்டால் ஆள் மிஞ்சமாட்டார். அது எல்லாப் பாதையிலும் ஒரே பக்கமாகத்தான் போகும். அதனால் வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் எப்போதும் எதிர்ப் பக்கமாக இறங்க வேண்டும். ஓட்டுநர் அறைக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு. எந்தக் கதவு என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இதைப் பாடத்தில் வைப்பதற்காக அண்ணி நேரில் போய்ப் படம் பிடித்தார். பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுப் பத்திரமாக வாசலில் கொண்டுவந்து விடுகிற வேலையில் ஒருவர் இருந்தார். கையில் எப்போதும் சிவப்புக் கொடி வைத்திருப்பதால் அவருக்குக் கொடிக்காரர் என்றே பெயர். அவரையே ஓட்டுநர் அறையில் நிற்கவைத்து, சரியான கதவைத் திறந்து படியில் கால் வைப்பதுபோல எடுத்தார். வலது இடது என்று எழுதினால் ஜனங்கள் குழம்புவார்கள், யாருடைய வலது என்று கேள்வி வரும், படமே பேசட்டும் என்று முடிவு செய்தார். "படத்தில் இருப்பவர் இறங்கும் பக்கமாகவே நீங்களும் இறங்குங்கள்" என்று நான் அலமாரிக்குள்ளிருந்து வாசித்தேன்.

பாடம் வெளிவந்ததும் அண்ணிக்கு நல்ல பெயர். துறைத் தலைவர் கூட்டத்தில் எழுந்து பாராட்டினார். பரிதாபமாகப் பார்த்தவர்கள் எல்லாம் சந்தேகம் கேட்க அண்ணியின் மேசைக்கு வந்தார்கள். அண்ணி சாயங்காலம் வீட்டுக்கு வருகிற நடையே மாறிப்போனது. படியேறும்போதே பாட்டு முணுமுணுப்பது கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

விபத்து நடந்தது ஒரு காலை நேரத்தில். பெட்டிகளுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதற்காக அளவு பார்க்க ஒரு கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கொடிக்காரர் கூட்டிப் போயிருக்கிறார். இரண்டு பேர் பயணிகள் பெட்டியில் இருந்தார்கள், அதில் ஒருவர் முழங்கால் வலிக்காரர். மூன்றாமவர், ஒரு பெண், ஓட்டுநர் அறையில் அளந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு, கொடிக்காரர் பெட்டிக்குள் முழங்கால்காரர் எழுந்திருக்கக் கை கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண் ஓட்டுநர் அறைக் கதவைத் தானே திறந்து வெளியே கால் வைத்துவிட்டார். அது மூணாவது இருக்கிற பக்கம். கொடிக்காரர் பார்த்தார், பாய்ந்தார், பின்னாலிருந்து தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். அந்தப் பெண் மல்லாக்க விழுந்து மணிக்கட்டு முறிந்தது. உயிர் தப்பியது.

அதற்கு விசாரணை வைத்தார்கள். பார்வையாளர் கை எட்டும் தூரத்தைவிட்டு விலகக்கூடாது என்பது விதி, கொடிக்காரர் விலகியிருக்கிறார். அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். அவர் ஒப்பந்தத்தில் இருப்பவர். நிறுத்திவைப்பது என்றால் முக்கால்வாசி அனுப்பிவிட்டது மாதிரி. அந்தப் பெண்ணோ, பாடத்தில் பார்த்தபடிதான் இறங்கினேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாடம் சரியாக இருக்கிறது, அந்தம்மா மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறார், கூட இருந்தவர் பார்த்திருக்க வேண்டும் என்பது பேச்சு. பாடத்தில் குறை எதுவும் இல்லை என்று விசாரணையில் வந்து சொல்லிவிட்டுப் போகும்படி அண்ணிக்குத் தகவல் வந்தது.

உண்மையைச் சொன்னால் அப்போது அண்ணிக்குக் கோபம்தான் இருந்தது, அதுவும் இரண்டு பேர் மேலும். இவ்வளவு தெளிவாகப் படம் போட்டிருக்கிறேன், அதைப் பார்த்துமா ஒருத்தி மாற்றி இறங்குவாள், பழியைப் பாடத்தின் மேல் வேறு போடுவாள் என்று பொரிந்து தள்ளினார். கொடிக்காரருக்கும் அர்ச்சனை விழுந்தது. நானும் கூடச் சேர்ந்து ஒத்து ஊதினேன். எங்கள் வீட்டு மனுஷியின் வேலையை எவளோ குறை சொன்னால் எனக்கு மட்டும் ரத்தம் கொதிக்காதா?

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து விசாரணை மேசையில் வைக்கப் போகிறேன், பார்க்கட்டும் எல்லோரும் என்று மடிக்கணினியைத் திறந்தார். பாடத்தில் இருந்தது சின்னப் படம், பெரிதாக்கினால் மங்கியது. அதனால் கேமராவில் எடுத்த மூலப் படத்தைத் தேடி எடுத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் அதே கொடிக்காரர், அதே கதவு, அதே படி. ஒன்றில் அவர் இந்தப் பக்கம் பார்த்து இறங்கினார், இன்னொன்றில் அந்தப் பக்கம் பார்த்து இறங்கினார். எடுத்தபோது அவர் முகம் எழுத்துக்கு எதிர்த் திசையில் இருந்திருக்கிறது. எழுத்தைப் பார்க்கட்டும் என்று அண்ணி படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார். ஒரே ஒரு சொடுக்கு. அழகுக்காக எத்தனையோ படங்களில் செய்ததுதான், ஒன்றும் ஆனதில்லை. தலைக்கவசம் போட்டுக்கொள்கிற படத்தைத் திருப்பினால் என்ன ஆகும்? இந்தப் படத்தில் முகத்தோடு சேர்ந்து கதவும் திரும்பிவிட்டது. மூணாவதும் திரும்பிவிட்டது.

பார்த்த பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கொடிக்காரரின் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. கைக்கடிகாரம் வலது கையில் இருந்தது. எத்தனை அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கையெழுத்துப் போட்ட பாடம் அது. ஒரு கமா விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இதை யாரும் பார்க்கவில்லை.

"இந்தப் பக்கமா இறங்கச் சொன்னது நான்தான்," என்றார் அண்ணி. எங்களிடம் சொல்வதுபோலவே இல்லை.

என் புத்தி எப்போதும் முதலில் வீட்டைத்தான் பார்க்கும். படத்தை இன்றைக்கே மாற்றிவிடுங்கள், நாளைக்குப் போய்ப் பாடம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது, யார் போய்ப் பழசைத் தோண்டப் போகிறார்கள் என்றேன். சொன்னது தப்பு என்று இப்போது தெரிகிறது என்றெல்லாம் அளக்கமாட்டேன். அப்போதே தெரியும். ஆனால் வேலை இல்லாத மேசையில் உட்கார்ந்துவிட்டு வந்த அந்த அண்ணியை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவருக்கும் அந்தப் பயம்தான். இந்தப் பாடம் ஒன்றுதான் அவர் தானாகச் செய்தது, அதை வைத்துத்தான் அங்கே நிமிர்ந்து நடந்தார். வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் கொடிக்காரர் போய்விடுவார்.

அண்ணன் டிவியை அணைத்தான். எங்கள் வீட்டில் அதுவே பெரிய பேச்சு. அண்ணி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு படங்களையும் பெரிதாக அச்சடிக்கக் கொடுக்கப் புறப்பட்டார்.

விசாரணையில் நடந்ததை அண்ணி அரைகுறையாகத்தான் சொன்னார். மீதியைப் பிறகு கொடிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன், அவரும் அன்றைக்கு அங்கே ஓர் ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். அண்ணி இரண்டு படங்களையும் மேசையில் வைத்து, எது நிஜம், எது தான் திருப்பியது என்று காட்டியிருக்கிறார். துறைத் தலைவர் படத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். அந்தப் படத்துக்கு அது இன்னொரு திருப்பம். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, படத்தை உடனே மாற்றிவிடலாம், பாடத்தைப் பார்த்து முடித்த அத்தனை பேருக்கும் சொல்லி எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம்.

அண்ணி எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. வீட்டில்கூடப் பேசமாட்டார். அன்றைக்குச் சொல்லியிருக்கிறார்:

"பாடத்துல இருக்கிற படத்தை மாத்திடலாம் சார். பாத்தவங்க மனசுல இருக்கிற படத்தை யாரு மாத்தறது?"

கடைசியில் கொடிக்காரரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தூரமாகப் போனதற்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். அண்ணியிடமிருந்து பாடத்தை வாங்கி ஒரு குழுவிடம் ஒப்படைத்தார்கள். இனி ஒவ்வொரு படத்தையும் பணிமனை ஆட்கள் நேரில் போய் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வெளியிடுவது என்று முடிவாயிற்று. அந்தக் குழு வேலையை முடிக்கிறவரை அண்ணி ரயில் நிலையத்தில் விசாரிப்பு மேசைக்கு. பயந்தது நடந்தேவிட்டது. கொடிக்காரர் அவரைத் தேடிவந்து நன்றி எல்லாம் சொல்லவில்லை. "நானும் அந்தப் பக்கம் பார்க்காம இருந்துட்டேன் மேடம், எனக்கும் அதுல பங்கு உண்டு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பாடத்தை முடித்தவர்களுக்கெல்லாம் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் போயிற்று. அலுவலக மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள்? அண்ணிக்கு அது போதவில்லை. ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டார். விசாரிப்பு மேசையில் ஆள் வராத நேரங்களிலும், சாயங்காலம் வீட்டிலும், லீவு நாட்களிலும் அதே வேலை. அழகழகாகப் படம் வெட்டிக்கொண்டிருந்த அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "நான் ஒரு படத்தைத் தப்பாப் போட்டுட்டேன், இறங்கற பக்கம் மாறியிருக்கு, தயவுசெஞ்சு மறந்துடுங்க" என்று ஊர்பேர் தெரியாத ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் சொல்லும்போதெல்லாம் நாக்கு குழறியது. போகப்போகப் பழகிவிட்டது.

அவர் எதிர்பார்த்தது திட்டு. யாரும் திட்டவில்லை. அதுதான் கொடுமை. ரயில் ஓட்டுகிற ஒருவர், தான் அந்தப் படத்தைப் பார்த்ததாகவும், வண்டி இடம் வலம் மாறி இருந்ததாகவும், ஏதோ புது மாடல் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். பார்த்தேன் என்று சொன்ன ஒரே ஊழியர் அவர்தான். மற்ற எல்லோருக்கும் ஒரே பதில். எந்தப் படம்? அப்படி ஒரு படம் இருந்ததா? ஓட்டுநர் அறை வந்ததாகவே ஞாபகம் இல்லையே. ஒருவர் நேர்மையாக, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தியதாகச் சொன்னார். துறைத் தலைவருக்காக அந்தப் பாடத்தை அழுத்தித் தேறியது அவருடைய உதவியாளராம்.

நான் வழக்கம்போலச் சிரித்துவிட்டேன். படம் மனசில் பதிந்துவிட்டதே என்று கவலைப்பட்டீர்களே, யார் மனசிலும் ஒரு மண்ணும் பதியவில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள் என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. தப்பாகச் சொல்லிக் கொடுத்தது ஒரு வலி என்றால், யாருக்குமே சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய வலி என்று அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை ராப்பகல் உழைப்பு, அத்தனை சிரத்தை. அதை உண்மையிலேயே உட்கார்ந்து படித்த ஒரே ஒரு ஆள்தான் செத்துப்போகப் பார்த்தார். அலட்சியமாகப் பொத்தானை அழுத்தியவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

அந்தப் பெயிண்ட் கம்பெனிப் பெண்ணின் எண்ணை மட்டும் அண்ணி கடைசிவரை தள்ளிப்போட்டார். விசாரணை முடிவை அவருடைய கம்பெனிக்கு அலுவலகமே எழுதி அனுப்பிவிட்டது, அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்பார் என்று பயம். ஒரு சனிக்கிழமை காலையில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டார். அண்ணியின் கைபேசியில் எதிர்முனையில் பேசுவது பக்கத்து வீட்டுக்கே கேட்கும். எனக்குக் கேட்காமலா இருக்கும்?

அண்ணி தான் யார் என்று சொன்னார். அதற்குள் அந்தப் பெண்தான் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். என்னால உங்க எல்லாருக்கும் தொந்தரவு. பாடத்தை நான்தான் சரியாப் புரிஞ்சுக்கல."

அந்தப் பெண்ணுக்கு விசாரணை முடிவு எதுவுமே தெரியவில்லை. கம்பெனிக்குப் போன கடிதம் கம்பெனியோடு நின்றுவிட்டது. கை கூடிவிட்டதாம். ஆனால் வெளிவேலைக்கு இனி அனுப்புவதில்லை என்று சொல்லி உள்ளேயே பில் பார்க்க உட்கார வைத்துவிட்டார்களாம். கவனம் இல்லாத ஆளை நம்பி எப்படி அனுப்புவது என்றாராம் மேலாளர். வீட்டிலும் அதே பேச்சுதானாம்.

"முந்தின நாள் உக்காந்து நல்லாத்தான் பாத்தேன் மேடம். சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு கால் வச்சுக்கூடப் பாத்தேன். எங்க மாறிப்போச்சுன்னுதான் இன்னும் தெரியல. என் புத்தி மேலயே எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கயும் மாறல. நீங்க சரியாத்தான் படிச்சீங்க," என்றார். "படத்தை நான்தான் திருப்பிப் போட்டுட்டேன். அதுல நான் எந்தப் பக்கம் காட்டினேனோ, அந்தப் பக்கம்தான் நீங்க கால் வச்சீங்க. தப்பு முழுக்க என்னோடது."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அண்ணி கைபேசியைப் பார்த்தார். இல்லை. மூச்சு வாங்குவது கேட்டது. இப்போது வரும் திட்டு என்று நான் காத்திருந்தேன். வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"இருங்க மேடம், வச்சுடாதீங்க," என்றார் அந்தப் பெண். "எங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார். ஸ்பீக்கர்ல போடறேன். இப்ப எங்கிட்டச் சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க."

உள்ளே போய் யாரையோ கூப்பிடுவது கேட்டது. நாற்காலி இழுபடுவது கேட்டது. அண்ணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் யார் என்பதிலிருந்து ஆரம்பித்து, நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார்.